பேரனைப் பார்க்க வழி உண்டா?

கேள்வி: மகன் இறந்து ஒரு வருடமாகப் போகிறது. பேரனுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்து எங்களோடுதான் இருந்தான். இப்போது மருமகள் அவனைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை. அவனைப் பார்க்க எங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லையா?

பதில்: மகனைப் பறிகொடுத்த துக்கத்தோடு இதுவும் சேர்ந்தது கொடுமைதான் அம்மா. பேரன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாக, குழந்தை வசிக்கும் இடத்துக் கோர்ட்தான் இதை விசாரிக்கும்.

தாத்தா பாட்டியோடு உறவு வைத்திருப்பது குழந்தையின் உரிமை என்று பிரான்சின் சிவில் சட்டமே சொல்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலும் மனு போடுவதற்கே கோர்ட்டின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெற்றவர்களின் முடிவுக்குத் தனி மதிப்புத் தர வேண்டும் என்று 2000-ல் அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் குடும்ப நீதிமன்றத்தில் மனு போடலாம். பையனின் நலனைப் பார்த்து நீதிபதி நேரம் ஒதுக்கலாம். கொரோனாவில் பெற்றோரை இழந்த ஒரு சிறுவனை 2022-ல் உச்ச நீதிமன்றம் தாத்தா பாட்டியிடமே ஒப்படைத்தது. அதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படிக் கேட்டுவிடாதீர்கள். உங்கள் பேரனுக்குத் தாய் இருக்கிறாள். 'பையனை எங்களிடமே கொடுங்கள்' என்று போனால், பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பும் கெடும்.

உங்களைப் பார்க்காமல் போனால் பையனுக்கு என்ன இழப்பு என்பதைத்தான் நீதிபதி யோசிப்பார். அதற்குச் சான்று வேண்டும். பள்ளியில் அவனை அழைத்துப் போக நீங்கள் போட்ட கையெழுத்து, தேதியுள்ள படங்கள், வாட்ஸ்அப்பில் அவன் 'பாட்டி, எப்ப வருவ?' என்று கேட்ட குரல், எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். பள்ளி வாசலில் போய் மட்டும் நிற்காதீர்கள். அவன் மிரண்டுபோவான், அதுவே உங்களுக்கு எதிராகவும் திரும்பும்.

முதலில் மருமகளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவளும் கணவனை இழந்து நிற்கிறவள். மகனின் பணம், நகை, வீடு பற்றி அதில் ஒரு வார்த்தைகூட வேண்டாம். 'மாதம் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், நீ சொல்கிற இடத்தில். நீயும் கூட இரும்மா' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சமரச மையம், அப்புறம்தான் வழக்கு. வழக்கு முடிய நாளாகும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது ரொம்பப் பெரிய காலம். அதனால் மனு போடும்போதே, தீர்ப்பு வரும்வரை வீடியோ காலிலாவது பேச இடைக்கால உத்தரவு கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.