ஜஸ்டினைக் கொன்றது யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்து நான்கு வருடமாகிறது. என் மகள் பள்ளிக்காக ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை வாசிக்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் வாசித்து முடித்தேன். பிராங்கன்ஸ்டைன் என்றால் தலையில் ஆணி அடித்த ஒரு பூதம் என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். வாசித்தால் பாவப்பட்ட பிறவியாக இருக்கிறது. மகள் முழுக்க அதன் கட்சி. “உண்டாக்கினவன் கைவிட்டான், ஊர் அடித்துத் துரத்தியது, அது வேறென்ன செய்யும்?” என்கிறாள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டு, பழியை வேலைக்காரப் பெண்ணின் மேல் போடுகிறதே! பட்ட துன்பத்துக்காக இதை மன்னிக்க வேண்டுமா? போன வருடம் எங்கள் வீட்டில் கத்தியைக் காட்டித் திருடினார்கள். “அவங்களும் கஷ்டப்பட்டவங்கதானே” என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. மகளுக்கு என்ன பதில் சொல்வது?

ம., ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள ம.,

மன்னிக்க வேண்டியதில்லை. உங்கள் கோபம் சரியான கோபம். அந்தப் பிறவியே தன்னை மன்னிக்கவில்லை. நாவலின் கடைசியில், கப்பலில் கிடக்கும், தன்னை உண்டாக்கிய விக்டரின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று, கப்பல் தலைவனிடம், நீங்கள் என்னை வெறுப்பதைவிட நான் என்னை அதிகம் வெறுக்கிறேன் என்கிற பொருளில் பேசுகிறது. வடதுருவத்தின் பனிவெளியில் தனக்குத் தானே சிதை மூட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இருளில் மறைகிறது. அதே கப்பலில் சாவதற்குச் சற்று முன்னால் விக்டர் சொல்வதையும் பாருங்கள். என் நடத்தையைத் திரும்பிப் பார்த்தேன், அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை என்கிறான். இந்த இரண்டு பேச்சையும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள்.

ஒரு சின்னத் திருத்தம். பிராங்கன்ஸ்டைன் என்பது உண்டாக்கியவனின் குடும்பப் பெயர். உண்டாக்கப்பட்டதற்குப் பெயரே கிடையாது. நாவல் வந்தது 1818-இல். 1823-இல் லண்டனில் அதை நாடகமாகப் போட்டபோது, நடிகர்கள் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் அச்சிட்டிருந்தார்கள். எனக்கு இது சாதாரணத் தகவல் இல்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த என் கொள்ளுப்பாட்டியைக் கப்பல் பதிவேட்டில் தேடிப் போனபோது, முதலில் கிடைத்தது அவருடைய எண். பிறகுதான் பெயர், வயது, சாதி, உடம்பில் உள்ள தழும்பு. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் இப்படி எண்ணோடு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறங்கினார்கள். பெயர் இல்லாத ஒன்றை என்ன செய்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது எங்கள் வீடுகளில் தெரிந்த விஷயம்.

சரி, நீங்கள் சொன்ன அந்த வேலைக்காரப் பெண் ஜஸ்டினுக்கு வருகிறேன். உங்கள் மகள் கவனிக்காமல் தாண்டிப் போன இடம் அதுதான் என்று நினைக்கிறேன். விக்டரின் தம்பி, குழந்தை வில்லியமின் கழுத்தில் இருந்த சிறு ஓவியத்தை, ஒரு கொட்டகையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டினின் உடையில் அந்தப் பிறவி செருகி வைக்கிறது. அவள் அந்தக் குழந்தையைத்தான் பல மணி நேரம் தேடி அலைந்தவள். அப்பாவி. இப்படிப் பழி போடும் வித்தையை மனிதர்களிடமிருந்துதான் கற்றேன் என்று அது பிறகு விக்டரிடம் சொல்கிறது. ஒரு வேலைக்காரியின் மடியில் பொருள் கிடைத்தால் ஊர் வேறு எதையும் விசாரிக்காது என்று அதற்குத் தெரியும். தன் முகத்தைப் பார்த்த கணத்திலேயே தீர்ப்புச் சொன்ன உலகத்தால் நொந்துபோன ஒன்று, அதே உலகத்தை இன்னொரு எளியவள் மேல் ஏவிவிடுகிறது. கோபத்தில் குழந்தையின் கழுத்தைப் பிடித்ததைவிட இதுதான் எனக்குக் கொடியதாகப் படுகிறது. அந்தப் பக்கங்களில் நான் உங்கள் கட்சி.

ஆனால் ஜஸ்டினின் கழுத்தில் கயிறு விழுவதற்கு இன்னொருவரின் மௌனமும் தேவைப்பட்டது. ஊருக்குத் திரும்பிய இரவிலேயே, மின்னல் வெளிச்சத்தில் அந்த உருவத்தைப் பார்த்ததுமே, கொன்றது யார் என்று விக்டருக்குத் தெரிந்துவிடுகிறது. மறுநாள் காலை வீட்டில், கொன்றவனை எனக்குத் தெரியும், ஜஸ்டின் நிரபராதி என்று இன்னொரு தம்பியிடம் வாய்திறக்கவும் செய்கிறான். அப்பா அறைக்குள் வந்ததும் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறான். சொன்னால் பைத்தியம் என்பார்களே என்ற பயம். நீதிமன்றத்தில் விக்டரின் வருங்கால மனைவி எலிசபெத் எழுந்து ஜஸ்டினுக்காகப் பேசுகிறாள். இவன் வாயே திறப்பதில்லை. பாதிரியார் மிரட்டியதில் ஜஸ்டின் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள், தூக்கில் போடுகிறார்கள். பல காலம் கழித்து, தன் மணநாள் இரவில் எலிசபெத் கொல்லப்பட்ட பிறகு, அதே ஜெனிவாவில் ஒரு நீதிபதியிடம் போய் முழுக்கதையையும் சொல்கிறான். அவர் முழுதாக நம்பவில்லை, ஆனாலும் உட்கார்ந்து கேட்டார். சொல்லியிருக்க முடியும் அல்லவா?

அப்புறம் இந்தப் பார்வை விஷயம். மணிமேகலையில் சாதுவன் கதை வருகிறதே, கப்பல் உடைந்து, மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். அவர்கள் மனித இறைச்சி தின்பவர்கள். தூங்கிக்கொண்டிருந்தவனை, நல்ல உணவு கிடைத்தது என்று எழுப்புகிறார்கள். அவன் அவர்கள் மொழியிலேயே பேசவும், விலகி நின்று தொழுது தலைவனிடம் அழைத்துப் போகிறார்கள். மொழி அவன் உயிரைக் காக்கிறது. விக்டர் உண்டாக்கிய பிறவியும் இதைத்தான் நம்பியது. ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவர் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே மொழியைப் படித்தது. அந்த வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் விறகு வெட்டிப் போட்டது. முதலில் பேசிவிடலாம், முகம் பிறகு என்று கணக்குப் போட்டு, பார்வையில்லாத கிழவர் தனியாக இருக்கும் நேரத்தில் உள்ளே போனது. அவர் அன்பாகத்தான் பேசினார். மகன் வந்தான், பார்த்தான், தடியால் அடித்தான். பிறகு ஆல்ப்ஸ் மலையில், கண் முன்னால் நிற்காதே என்று விக்டர் கத்தும்போது, அது தன் கைகளால் அவன் கண்களைப் பொத்துகிறது. இப்போது நான் தெரியவில்லை, பேசுவதையாவது கேள் என்று. பதினெட்டு வயதில் இதை எழுதத் தொடங்கிய மேரி ஷெல்லி மேல் எனக்குத் தீராத மதிப்பு உண்டு, அந்த ஒரு செயலுக்காகவே.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், எனக்கு ஒரு கடன் இருக்கிறது. நான் டர்பனுக்குப் பக்கத்தில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில் இருக்கிறேன். 2021 ஜூலை கலவரம் உங்களுக்குச் செய்தியாகத் தெரிந்திருக்கும். கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை, நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எங்கள் தெருவில் ஆண்கள் டயரும் பழைய சோபாவும் போட்டு வழியை மறித்தார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சாயங்காலம் ஒரு கறுப்பின ஜூலு இளைஞனை நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார்கள். இரண்டு ரொட்டி, ஒரு பால்பவுடர் டின். கொள்ளையடித்தது என்றார்கள். அவன் ரசீதை எடுத்துக் காட்டினான். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. எனக்கு அவனைத் தெரியும். இரண்டு வீடு தள்ளிப் புல் வெட்ட வருகிற பையன். அவன் என்னைப் பார்த்தான். “தெரிந்த பையன்தான், விடுங்கப்பா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எங்கள் ஆட்களே என்னை என்ன நினைப்பார்களோ என்று சும்மா நின்றேன். பையைப் பிடுங்கிக்கொண்டு திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரத்தில் எங்கள் பகுதியில் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. அதன்பிறகு புல் வெட்ட அவன் வரவே இல்லை.

எங்கள் பயம் பொய்யில்லை. விக்டரின் பயமும் பொய்யில்லை. உங்கள் வீட்டில் கத்தி காட்டியவர்கள்மேல் உங்களுக்குள்ள கோபத்தை யாருக்காகவும் கரைத்துக்கொள்ள வேண்டாம். கத்தி பிடித்த கைக்கு அந்தக் கையின் சொந்தக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் வறுமைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு ஆட்கள். ஒருவரின் பங்கைக் கழித்து இன்னொருவரின் கணக்கில் சேர்க்க முடியாது. மகள் பிறவிக்காக விக்டரைக் கூண்டில் ஏற்றுகிறாள், நீங்கள் குழந்தைக்காகப் பிறவியை ஏற்றுகிறீர்கள். கூண்டில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது.

மகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். ஜஸ்டின் வழக்கு வரும் அத்தியாயங்களை மறுபடி எடுத்து, விக்டர் வாய்திறந்திருக்கக்கூடிய இடங்களில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நான் போட்ட பிரதி என்னிடம் இருக்கிறது. டர்பன் வந்தால் இருவரும் வீட்டுக்கு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா