பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி கை நிற்பதில்லை. உடம்பு ஏன் குறையவில்லை?

காலையில் வெறுந்தேத்தண்ணியோடு தேயிலை மலைக்கு வேலைக்குப் போகிறீர்கள், பகலிலும் ஒன்றும் சாப்பிடுவதில்லை, ராத்திரி ரொட்டியைக் கண்டால் அடக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, இது மனக்கட்டுப்பாடு இல்லாத குறை அல்ல. பகல் பட்டினிதான் ராத்திரிப் பசியாகத் திரும்பி வருகிறது.

1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வாயைக் கட்டிச் சாப்பிடும் பெண்கள், முதலில் மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைக்கவில்லை, கூடத்தான் சாப்பிட்டார்கள். விரதம்தான் கலைந்துவிட்டதே, இனி என்ன என்கிற மனம் அது.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 350 கலோரி. அதில் ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்ந்தால் 400ஐத் தாண்டும். தேத்தண்ணிக்கு மூன்று கரண்டி சீனி, நாளைக்கு ஐந்து கோப்பை என்றால் அதிலேயே 240 கலோரி. கோப்பைக்குப் போடும் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

ராத்திரிச் சாப்பாட்டில் பாதியைக் காலைக்கு மாற்றுங்கள். முதல் நாளே ஊறப்போட்டு அவித்த கௌபி (தட்டைப்பயறு) ஒரு கோப்பை, இல்லாவிட்டால் பாதி ரொட்டியும் கெட்டியான பருப்பும். பகலுக்கு ஒரு கோப்பை சோறு, அதைவிடக் கூடுதலாகக் கோவா, போஞ்சி, ஒரு முட்டை அல்லது நெத்தலி. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால்தான் கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும்.

ராத்திரி ரொட்டியை எண்ணித் தட்டுங்கள். குளிருக்கு அடுப்படியில் குந்திக்கொண்டு, கல்லிலிருந்து சுடச்சுடப் பிய்த்துச் சம்பலில் தொட்டுத் தின்றால் எத்தனை போனதென்றே தெரியாது. தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒன்று கூடிவிட்டால் மறுநாள் பட்டினி வேண்டாம், வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.

பட்டினி கிடந்தே மெலிந்தேன் என்று இங்கே சிலர் சொல்லலாம். மெலியத்தான் செய்யும், பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒதுங்க இடமில்லாத மலைகளில் பெண்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். அதையும் கட்டுப்பாடு என்று யாரும் பாராட்ட வேண்டாம். கழிவறை கட்டித் தருவது தோட்ட நிர்வாகத்தின் வேலை.

மாதவிடாய் நின்றாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ கிளினிக்கில் சொல்லுங்கள். சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர் என்றால், காலைப் பட்டினியை நாளைக்கே நிறுத்துங்கள்.