வலி நேரத்தில் யூரிக் ஆசிட் 6.2 என்றால் கவுட் இல்லையா?

உங்கள் அப்பாவுக்கு 58 வயது, நடுராத்திரியில் கால் பெருவிரல் சிவந்து வீங்கிவிட்டது, மறுநாள் ரத்தப் பரிசோதனையில் யூரிக் ஆசிட் 6.2 (mg/dL) தான் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் மூட்டுவலி) இல்லையா, பருப்பையும் கீரையையும் நிறுத்தினால் போதுமா என்பது உங்கள் கேள்வி. நான் மருத்துவர் இல்லை. என் அப்பாவுக்கும் இதே நோய்தான், நான்கு வருடமாகக் கூட இருந்து பார்க்கிறேன்.

6.2 என்பதை வைத்து கவுட் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கிக் காட்டுவது உண்டு. என் அப்பாவுக்கு முதல் தடவை 6.4 வந்தது, "நார்மல்" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடிந்து மூன்று வாரம் கழித்து எடுத்தபோது 9.1. சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமானால் மூட்டுநீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். கவுட் என்றால் ஊசி ஊசியாகப் படிகங்கள் தெரியும். கட்டம் கட்டமாகக் கால்சியம் படிகங்கள் தெரிந்தால் அது வேறு நோய், பெரும்பாலும் வயதானவர்களின் முழங்காலையும் மணிக்கட்டையும் பிடிப்பது.

யூரிக் ஆசிட் சுமார் 6.8-ஐத் தாண்டினால் முழுக்கக் கரைந்திருக்க முடியாமல் படிகமாக மூட்டில் படிய ஆரம்பிக்கும். உடம்பின் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால் கால் விரலில் அது எளிதாகப் படிகிறது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் படிகங்களை வெள்ளையணுக்கள் என்றைக்கோ ஒரு நாள் விழுங்கப் பார்க்கும்போதுதான் அந்தத் தீ பிடித்த மாதிரி வலி. மருந்தே இல்லாவிட்டாலும் அது ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். அதனால்தான் அந்த நாட்களில் எந்தப் பச்சிலை கட்டினாலும் அதற்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. படிகம் என்னவோ உள்ளேதான் இருக்கிறது.

வலியை அடக்கும் மருந்துகளில் கொல்சிசின் ஒன்று. எங்களுக்கு மூலனூர் பக்கம் தோட்டம், கண்வலிக் கிழங்கு போடுகிறோம். மாநில மலரான செங்காந்தளேதான். காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைக்க வேண்டும், அந்த வேலையின் நடுவில்தான் அப்பாவுக்குக் கால் பிடித்தது. அந்த விதையில் இருப்பதும் கொல்சிசின்தான், அதற்காகத்தான் வியாபாரிகள் விதையை வாங்கிப் போகிறார்கள். அப்படியானால் கிழங்கையே கொஞ்சம் தின்றால் என்ன என்று எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது ஆளைக் கொல்லும் விஷம், மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சின்னது. மாத்திரையே அரை மில்லிகிராம்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், கிளாரித்ரோமைசின் (கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாடிக்) போன்ற சில மருந்துகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கொல்சிசின் ஒத்துவராதவர்களுக்கு வேறு வலி மாத்திரையோ சில நாள் ஸ்டீராய்டோ கொடுப்பார்கள்.

இது வலிக்கான வைத்தியம் மட்டும். படிகத்தைக் கரைக்க வேறு மாத்திரை, அலோபுரினால். நாங்கள் தவறியது இங்கேதான். ஆரம்பித்த மூன்றாவது வாரம் அப்பாவுக்கு மறுபடி விரல் வீங்கியது. "இந்த மாத்திரைதான் வலியைக் கொண்டு வருது" என்று பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்ல, அப்பா நிறுத்திவிட்டார். நானும் தடுக்கவில்லை. அந்த வருடத்திலேயே இன்னும் மூன்று தடவை வந்தது, கடைசியாகக் கணுக்காலிலும். பிறகு பார்த்த மருத்துவர்தான் விளக்கினார்: பழைய படிகம் கரையத் தொடங்கும்போது முதல் சில மாதங்கள் வலி வருவது இயல்பு, அதற்காகத்தான் கூடவே தினமும் கொஞ்சம் கொல்சிசின் கொடுக்க வேண்டும். இந்த முறை 100 மில்லிகிராமில் தொடங்கி, ரத்த அளவைப் பார்த்துப் பார்த்து 300 வரை கூட்டினார். 6-க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பதுதான் குறி. இப்போது அப்பாவுக்கு 5.3, இரண்டு வருடமாக வலி இல்லை. மாத்திரை தொடர்கிறது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: அலோபுரினால் தொடங்கியபின் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பருப்பு, கீரை பற்றிக் கேட்டீர்கள். அவற்றைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. குறைக்க வேண்டியது ஈரல், ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, பீர், சர்க்கரை போட்ட பாட்டில் பானங்கள். இதெல்லாம் செய்தாலும் பெரும்பாலும் ஒரு புள்ளி அளவுக்குத்தான் இறங்கும், 9-இல் இருப்பவருக்குச் சாப்பாடு மட்டும் போதாது. அப்பாவின் பிரஷர் மாத்திரையையும் பாருங்கள். எங்கள் அப்பாவுடையதில் சிறுநீர் போகவைக்கும் மருந்து கலந்திருந்தது, அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். மருத்துவர் அதை லோசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். நீங்களாக நிறுத்த வேண்டாம், சீட்டோடு போய்க் கேளுங்கள்.

இப்போதைக்கு வீக்கம் வடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து யூரிக் ஆசிட்டும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் எடுங்கள். அதற்கு நடுவில் காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் காத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமி போயிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.