போஸ்ட்கிரெஸ் பக்கப், மீட்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் கடைகள், டியூட்டறிகள் எனப் பல இடங்களின் போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். கடந்த நாட்களில் வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்திருக்கிறேன்.

கொக்குவிலிலிருந்து: அக்கா, 15இலிருந்து 16ஆம் பதிப்புக்கு மாறினோம். கோப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்பும் ஆர்க்கைவ் கமாண்டில் ஓரெழுத்தும் மாற்றவில்லை. ஆனால் வால் (WAL, தரவு மாற்றங்களைப் பதியும்) கோப்புகள் காப்பகத்துக்குப் போகவே இல்லை. மாத வாரியாகப் பிரிக்க அந்தக் கட்டளைக்குள் திகதி தரும் 'டேட்'டும் வைத்திருக்கிறோம்.

பதில்: தம்பி, சிக்கல் அந்த 'டேட்'டில்தான். வருடம், மாதம் எடுக்க அதில் % குறி போட்டிருப்பீர்கள். போஸ்ட்கிரெஸுக்கும் அதே குறிதான்: %பி என்றால் கோப்பின் பாதை, %எஃப் என்றால் பெயர். 15 வரை தனக்குத் தெரியாத எழுத்து வந்தால் அப்படியே, கட்டளையை இயக்கும் ஷெல்லிடம் விட்டுவிடும். 16 பிழை சொல்லி நிறுத்திவிடும். 'டேட்'டுக்கு உரிய ஒவ்வொரு %ஐயும் %% என்று எழுதுங்கள், சரியாகிவிடும். இன்றைக்கே செய்யுங்கள். காப்பகத்துக்குப் போகாத வால் கோப்புகளை போஸ்ட்கிரெஸ் அழிக்காது. ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்பி. டிஸ்க் நிறைந்தால் சேர்வரே நின்றுவிடும்.

இந்த மாற்றம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஆர்க்கைவ் கமாண்ட், காப்பகத்திலிருந்து கோப்பை எடுக்கும் ரிஸ்டோர் கமாண்ட், எஸ்எஸ்எல் (மறையாக்க இணைப்பு) கடவுச்சொல் கட்டளை எல்லாமே % குறி இருக்கும் இடத்தில் உரிய மதிப்பை நிரப்புகின்றன. அதற்கான நிரலை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தார்கள். 2023இல் வெளியான 16இல் அதை ஒரே பொதுச் செயற்கூறாக்கி (ஃபங்ஷன்), எல்லாக் கட்டளைகளுக்கும் ஒரே விதி வைத்தார்கள். உங்களுக்குத் தொல்லைதான், ஆனாலும் நான் அதை வரவேற்கிறேன். பிழையான ஓர் எழுத்து மீட்பு நாளில் பிடிபட்டால் செய்ய ஒன்றும் இருக்காது.

சாவகச்சேரியிலிருந்து: பழைய பிரதான சேர்வரை, புதியதோடு ஒத்துப்போகச் செய்யும் பிஜி ரீவைண்ட் கருவியால் திரும்பச் சேர்க்கப் பார்த்தேன். தேவையான வால் கோப்பு இல்லை என்கிறது. காப்பகத்தில் இருக்கிறதே?

பதில்: 13ஆம் பதிப்பு முதல் அதற்கு '-சி' என்ற தெரிவு உண்டு. அந்தச் சேர்வரின் ரிஸ்டோர் கமாண்டையே படித்து, காப்பகத்திலிருந்து கோப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிப்பென்றால் கையால் கொப்பி பண்ண வேண்டியதுதான்.

ஒரு பல்கலைக்கழக மாணவி: அப்படியென்றால் சேர்வரும் ரீவைண்டும் மீட்பு நிரல் முழுவதையும் பகிர்ந்துகொள்ளலாமே அக்கா?

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. இரண்டும் பகிர்வது கட்டளையின் வரியை அமைக்கும் பகுதியை மட்டும்தான். கோப்பு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதில் இரண்டும் பிரிகின்றன. பிரதான சேர்வரின் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பை சேர்வருக்குக் காப்பகத்தில் கோப்பு இல்லாதது சாதாரண விஷயம். தன் அடைவில் தேடும், பிறகு பிரதான சேர்வரிடம் கேட்கும். ரீவைண்டுக்கு அப்படி வேறு வழி இல்லை, பிழை சொல்லி வெளியேற வேண்டும். இரண்டையும் ஒரே செயற்கூறுக்குள் திணித்தால் உள்ளே 'இஃப்' மேல் 'இஃப்' ஆகிவிடும். நீங்களும் உங்கள் நிரலில் நடத்தை ஒன்றாக இருக்கும் துண்டை மட்டும் வெளியே எடுங்கள்.

நெல்லியடியிலிருந்து: மீட்பு அமைப்புகள் உள்ள ரிகவரி.கான்ஃப் கோப்பை வைத்ததும் 14 தொடங்க மறுக்கிறது.

பதில்: 12இலிருந்து அந்தக் கோப்பு இல்லை. அமைப்புகளை போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபுக்கு மாற்றி, ரிகவரி.சிக்னல் என்று வெற்றுக் கோப்பு ஒன்றை வையுங்கள்.

மானிப்பாயிலிருந்து: கரண்ட் திடீரென்று போனால் காப்பகத்திலிருந்து மீட்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். எழுதியது டிஸ்கில் பதிவதை உறுதிசெய்யும் எஃப்சிங் அமைப்பை அணைக்காமல் இருந்தால், திரும்பத் தொடங்கும்போது தன்னிடமுள்ள வால் கோப்புகளைக் கொண்டு அதுவே சீராக்கிக்கொள்ளும். காப்பகம் தேவைப்படுவது டிஸ்க் பழுதாகும்போதும், யாராவது டேபிளைத் தவறுதலாக அழிக்கும்போதும். அதனால் காப்பகத்தை அதே டிஸ்கில் வைக்காதீர்கள்.