வாட்ஸ்அப் இருக்க இலாகா எதற்கு?

கேள்வி: 2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 வெள்ளத்திலும் எங்கள் தெருவைக் காப்பாற்றியது எங்கள் வாட்ஸ்அப் குழுதான். போலீஸ், ஆம்புலன்ஸ், முனிசிபாலிட்டி எல்லாம் ஒன்றுக்கொன்று தகவல் கொடுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அப்புறம் நம் சொந்த விவரம் எல்லாம் ஊர் சுற்றாதா?
(சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: ஐயா, உங்கள் தெரு தப்பியது, சந்தோஷம். அதே ஜூலையில், நம் டர்பனிலேயே இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸில் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கேயும் குழுக்கள் இருந்தன. போலீஸைக் காணோம், நிலவரம் இதுதான் என்று சொல்ல ஆள் இல்லை, வதந்தி வீடு வீடாகப் போனது, தெருமுனையில் தடுப்புப் போட்டு நின்றவர்களில் சிலர் வந்தவர்கள் எல்லாரையும் கொள்ளைக்காரர்களாகப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் மட்டும் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். சுட்டது செல்போன் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் உண்மை வராத இடத்தில் பொய்தான் வந்து உட்காரும்.

மேலிடத்தில் என்ன நடந்தது? உளவுத் தகவலைப் போலீஸுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார் அப்போதைய அரசுப் பாதுகாப்பு அமைச்சர் அயாண்டா ட்லோட்லோ. எனக்கு வரவே இல்லை என்றார் போலீஸ் அமைச்சர் பேகி செலே. நாடு எரிந்து முடிந்த பிறகு, கடிதம் தபாலில் தொலைந்த மாதிரி ஒரு வழக்கு! கலவரத்தை விசாரித்த பேராசிரியர் சாண்டி ஆப்பிரிக்கா தலைமையிலான குழுவின் அறிக்கை 2022இல் வெளியானது. உளவுத்துறையும் போலீஸும் கோட்டை விட்டதை அதில் படிக்கலாம்.

வெள்ளத்துக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, குவாசுலு-நட்டால் மாகாணம் முழுவதும் 400 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த இரவு பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மூச்சுத் திணறல். நான் மூன்று இடத்துக்குப் போன் போட்டேன். மூன்று இடத்திலும் தெருப் பெயரை எழுத்துக்கூட்டி முதலிலிருந்து சொன்னேன், ஏனென்றால் ஒருவர் எழுதிக்கொண்டது அடுத்தவருக்குப் போகாது. கடைசியில் வண்டி வந்தது, ஆனால் எங்கள் சின்னப் பாலத்துக்கு அந்தப் பக்கம். பாலம் சாயங்காலமே போய்விட்டது, சாலைக்காரர்கள் குறுக்கே டேப் கட்டிவிட்டும் போயிருந்தார்கள், வண்டியை அனுப்பியவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. டிரைவர் அக்கரையில் லைட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், நாங்கள் இக்கரையில் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்கிறோம். சுற்றி வர முக்கால் மணி நேரம். ஆயா பிழைத்துக்கொண்டார், அது அவர் உடம்பு வாகு.

இதில் யாருடைய அந்தரங்கம் கெட்டிருக்கும், சொல்லுங்கள்? பாலம் இல்லை என்பது ரகசியமா? ஆபத்து நேரத்தில் கைமாற வேண்டியது எந்தச் சாலை அடைபட்டது, எந்த வீட்டில் எத்தனை பேர், ஆக்சிஜன் வேண்டுமா, இவ்வளவுதான். உங்கள் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் யாருக்கும் வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை, அதுதான் போப்பியா, காட்டி வாயை மூடிக்கொள்ளும் குமாஸ்தாக்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டத்தைப் படித்தால், சம்பந்தப்பட்டவரின் நியாயமான நலனைக் காக்க விவரத்தைப் பயன்படுத்தலாம் என்றுதான் இருக்கிறது. 2002ஆம் வருடப் பேரிடர் மேலாண்மைச் சட்டமோ இலாகாக்களிடம் தகவல் கேட்டு வாங்கும் வேலையைப் பேரிடர் மையங்களுக்கே கொடுத்திருக்கிறது. ஆக, சட்டம் குறுக்கே நிற்கவில்லை. சோம்பலும் என் இலாகா உன் இலாகா என்ற கௌரவமும்தான் நிற்கின்றன. ஆனால் ஆபத்து முடிந்ததும் அந்த விவரத்தை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது, அதை விடாமல் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பை நான் ஒதுக்கவும் இல்லை. டர்பனில் பால்மியட் ஆற்றோரம் இருக்கிற குவாரி ரோட் வெஸ்ட் குடிசைப் பகுதியில் அதே ஏப்ரலில் வேலை செய்ததும் வாட்ஸ்அப்தான். ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் குழுவில் முனிசிபாலிட்டி ஆட்களும் இருந்தார்கள். எச்சரிக்கை நேராக வந்தது, ஜனங்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள். குடிசைகளை ஆறு கொண்டுபோனது, ஆட்கள் பிழைத்தார்கள்.

உங்கள் குழுவில் எத்தனை பேர், 200? அதில் பேரிடர் மையத்து ஆள் ஒருவராவது இருக்கிறாரா என்று இன்று ராத்திரி அட்மினிடம் கேட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.