டிராகன் எலும்பை யார் சுமப்பது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். செந்தூலில் இருக்கிறேன். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. பகலெல்லாம் பெட்டிகளை எண்ணி, எடை பார்த்து, பட்டியலில் ஏற்றுகிறேன். இரவு ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை விளையாட உட்கார்ந்தால் அங்கேயும் அதே வேலை. குகையில் பாதி தூரம் போவதற்குள் சுமை மீறிவிட்டது என்கிறது, ஓட முடிவதில்லை. எதை எறிவது என்று பையைத் திறந்து வைத்துக்கொண்டு கால்மணி நேரம் யோசிக்கிறேன். டிராகனைக் கொன்ற மகிழ்ச்சியைவிட அதன் எலும்பை எப்படி ஊர் சேர்ப்பது என்ற கவலைதான் முதலில் வருகிறது.

பொறுக்க முடியாமல் ஒரு கட்டளையைத் தட்டி எடை வரம்பையே இல்லாமல் ஆக்கிவிட்டேன். அது ஏமாற்று வேலை என்கிறார் அண்ணன். ஆனால் சில நாட்களிலேயே விளையாட்டு சலித்துப் போனது ஏன் என்றுதான் புரியவில்லை. எடை வரம்பு உண்மையில் தேவைதானா, அல்லது விளையாடுபவனை இழுத்தடிக்கிறார்களா? இன்னொன்றும் கேட்க வேண்டும். எந்த விளையாட்டை முடித்தாலும் என் பையில் மருந்துக் குப்பிகள் தொடாமலே கிடக்கின்றன. எல்லோருக்கும் இப்படித்தானா? டெத் ஸ்ட்ராண்டிங் வாங்கு, அதில் சுமை தூக்குவதுதான் விளையாட்டே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இப்படிக்கு,
செந்தூல் வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அண்ணனின் வழக்கை முடித்துவிடுவோம். ஒருவர் தனியாக விளையாடும் ஆட்டத்தில் ஏமாறுவதற்கு எதிரே ஆள் இல்லை. காசு கொடுத்து வாங்கியது நீங்கள், தூக்கம் கெடுவதும் உங்களுக்கு. வழக்கு தள்ளுபடி.

சலிப்பு விஷயம் அப்படியல்ல. அந்தக் கட்டளையைத் தட்டியபோது எடையோடு சேர்ந்து வேறு என்னென்ன போயின என்று பாருங்கள். 2011இல் வெளிவந்த ஸ்கைரிமில் தொடக்கத்தில் 300 அலகு சுமக்கலாம். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் உயிர், மந்திரம், உடல் வலு ஆகிய மூன்றில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. உடல் வலுவை எடுத்தால் சுமக்கும் திறன் கூடவே 5 ஏறும். மலையோரம் நிற்கும் குதிரைக் கல்லின் அருளைப் பெற்றால் இன்னொரு 100. ஆனால் அந்தக் கல்லை ஏற்றால் வேறொரு கல்லின் வரத்தை விட வேண்டும். கூடவே வரும் லிடியாவிடம் மூட்டையில் பாதியைத் தள்ளிவிடலாம். அவர் முகம் சுளித்தபடி வாங்கிக்கொள்வார். வரம்பை நீக்கியதும் இத்தனைக்கும் வேலை போய்விட்டது. மூன்றில் ஒன்று என்பது ஏறக்குறைய இரண்டில் ஒன்றாகிவிட்டது. குதிரைக் கல் வெறும் கல். நீங்கள் நீக்கியது ஒரு தொல்லையைத்தான், ஆனால் நாலைந்து முடிவுகள் அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தன.

அப்படியானால் ஸ்கைரிமின் எடைக் கணக்கு நல்ல கணக்கா என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கருத்து. 300 வரை எந்தப் பாதிப்பும் இல்லாமல் ஓடுகிறவர், ஒரே ஒரு அலகு கூடியதும் நடைப்பிணமாகிறார். ஊருக்கு ஊர் தாவும் வசதியும் அந்த நொடியே நின்றுவிடுகிறது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் முறியும்வரை வண்டி கொஞ்சமாவது முனக வேண்டாமா? போதாததற்குத் தங்கக் காசுக்கு எடையே கிடையாது. லட்சம் காசை மடியில் கட்டிக்கொண்டு மலை ஏறலாம், ஒரு முட்டைக்கோசு கூடிவிட்டால் கால் நகராது. இத்தனைக்கும் இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்ததான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தபோது சுமையை அளந்ததே காசைக் கொண்டுதான். பத்துக் காசு ஒரு பவுண்டு என்பது கணக்கு. புதையல் கிடைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு உயிரோடு வெளியே வருவதே பாதி ஆட்டம். பேரப்பிள்ளைகள் அந்தப் பாதியைச் சௌகரியமாகத் தொலைத்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயத்தையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். எடை வரம்பு போனபின் பையில் குவிந்த பொருளை விற்க முடிந்ததா? ஸ்கைரிமில் பலசரக்குக் கடைக்காரரின் கல்லாவில் ஏறக்குறைய 750 காசுதான் இருக்கும், கொல்லரிடம் 1000. விளையாட்டுக்குள் இரண்டு நாள் கழிந்தால்தான் கல்லா மறுபடி நிறையும். ஆகவே உங்களை உண்மையில் கட்டிப்போட்டிருந்தது தோளின் வலு அன்று, கடைக்காரரின் பணப்பெட்டி. இது தெரிந்தால் எதை எறிவது என்ற கேள்விக்குக் கால்மணி நேரம் தேவைப்படாது. இரும்பு வாளின் எடை 9, மதிப்பு 25. டிராகன் எலும்பின் எடை 15, மதிப்பு 500. தங்க மோதிரத்தின் எடை கால் அலகு, மதிப்பு 75. ஓர் அலகு எடைக்கு என்ன மதிப்பு என்று வகுத்துப் பாருங்கள்: வாளுக்கு மூன்றுகூட வராது, எலும்புக்கு 33, மோதிரத்துக்கு 300. வாளைப் பொறுக்காதீர்கள். எலும்பைக் கவசம் செய்யும் எண்ணம் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் டிராகன் பக்கத்திலேயே கிடக்கட்டும். கிடங்கில் வேலை பார்ப்பவருக்கு நான் இதைச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

சரி, எடை வரம்பு தேவையா? தேவை. ஆனால் அது எங்கே வந்து நம்மை மறிக்கிறது என்பதைப் பொறுத்தது. கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில், திருச்சி விமானத்துக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். கைப்பைக்கு 7 கிலோ. தராசில் ஒன்பது காட்டிவிட்டது. ஓர் அம்மா வரிசையைவிட்டு விலகித் தரையில் உட்கார்ந்து பையைப் பிரிக்கிறார். மைலோ பொட்டலம் வெளியே வருகிறது, மகனின் கைக்குப் போகிறது. கோடாலித் தைலம் ஒரு டஜன், துண்டில் சுற்றியது, வெளியே வந்து "அது பெரியம்மாவுக்கு" என்று மறுபடி உள்ளே போகிறது. மகன் போட்டிருக்கும் சட்டைக்குமேல் இன்னொரு சட்டை ஏறுகிறது. பின்னால் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அதே வரிசையில் இன்னொருவர், வீட்டிலேயே கொக்கித் தராசில் பையை மாட்டித் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தவர், நிம்மதியாக நிற்கிறார். இருவருக்கும் சட்டம் ஒன்றுதான். அவர் முந்தின இரவே எதை விடுவது என்று முடிவு செய்துவிட்டார், அந்த அம்மா கவுண்ட்டர் முன்னால் செய்கிறார்.

நல்ல விளையாட்டு உங்களை வீட்டு வாசலில் யோசிக்க வைக்கும். மோசமான விளையாட்டு கவுண்ட்டர் முன்னால் தரையில் உட்கார வைக்கும். ஸ்கைரிம் பெரும்பாலும் இரண்டாவது வகை. குகைக்குள் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது, கண்டதையெல்லாம் எடுக்கவும் விடுகிறது, நடுவழியில் வந்து கணக்குக் கேட்கிறது.

1996இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலை இதற்கு எதிராக வைத்துப் பாருங்கள். நடைப்பிணங்கள் உலவும் மாளிகைக்குள் மாட்டிக்கொள்ளும் திகில் விளையாட்டு அது. அதில் எடை என்ற ஒன்றே இல்லை, இடம்தான் உண்டு. நாயகன் கிறிஸாக ஆடினால் 6 பொருள் வைத்துக்கொள்ளலாம், நாயகி ஜில்லாக ஆடினால் 8. துப்பாக்கி ஓரிடம், தோட்டா ஓரிடம், மூலிகை ஓரிடம், சாவிக்கும் ஓரிடம். ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றால்கூடத் தட்டச்சு இயந்திரத்துக்கு மை நாடா வேண்டும், அந்த நாடாவும் ஓரிடத்தைப் பிடித்துக்கொள்ளும். மாளிகையில் அங்கங்கே பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் போட்டதை இன்னொன்றில் எடுக்கலாம். ஆகவே அந்தப் பெட்டி இருக்கும் அறைதான் வாசல். அடுத்த கதவைத் திறக்கும் முன் அங்கே நின்று, கையில் இரண்டு இடம் காலியாக வைத்துக்கொண்டு போனால் கிடைக்கும் சாவியை எடுத்து வரலாமே, ஆனால் ஒரு மூலிகையை விட வேண்டுமே என்று தடுமாறுவீர்கள். அந்தத் தடுமாற்றம்தான் பயத்தின் முதல் படி. பிணம் எழுந்து வருவதெல்லாம் அதற்குப் பின்னால்தான். இதில் போய் வரம்பை நீக்கினால் மாளிகை வெறும் கதவுகளாகிவிடும்.

மருந்துக் குப்பி வியாதி எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கு மட்டுமில்லை. இன்னும் எவ்வளவு தூரம், இதைவிடப் பெரிய பூதம் காத்திருக்கிறதா என்பதை விளையாட்டு சொல்வதில்லை. குடித்துவிட்டால் குப்பி போவது நிச்சயம், குடிக்காமலே சமாளித்திருக்கலாமோ என்ற நப்பாசையும் உண்டு. கல்யாணத்துக்கு வாங்கிய பட்டு அலமாரியிலேயே இருப்பதும் இந்தக் குணத்தால்தான். ஆனால் உங்கள் இரண்டு புகார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஸ்கைரிமில் ஒரு குப்பியின் எடை அரை அலகு. நூறு குப்பி என்றால் 50 அலகு. சுமக்க இடமில்லை என்று அழுகிறவர், ஆறில் ஒரு பங்கைத் திறக்காத மருந்துக்கே கொடுத்துவைத்திருக்கிறார்! ஊர் திரும்பும் ஒவ்வொரு முறையும் பாதியை விற்றுவிடுங்கள். விற்பதற்கு மனம் வரவில்லை என்றால், உயிர் பாதிக்குக் கீழே இறங்கியதும் யோசிக்காமல் குடிப்பது என்று சட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வியாதிக்கு வடிவமைப்பிலேயே மருந்து வைத்தது டார்க் சோல்ஸ். அதுவும் 2011தான். அதில் மருந்துக் குடுவை தொடக்கத்தில் 5 மடக்கு கொள்ளும், தீமூட்டம் அருகே உட்கார்ந்தால் மறுபடி நிறைந்துவிடும். சேர்த்துவைத்தால் லாபமில்லை என்று தெரிந்தவுடன் கஞ்சனும் குடிக்கத் தொடங்கிவிடுவான். எடை விஷயத்திலும் அது கெட்டிக்காரத்தனம் செய்தது. பையில் எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், எடை கேட்காது. உடம்பில் அணிந்ததற்கும் கையில் பிடித்ததற்கும் மட்டும் கேட்கும். தாங்கும் அளவில் கால் பங்குக்குள் இருந்தால் அடி விழும்போது சட்டென்று உருண்டு தப்பலாம், பாதிவரை நடுத்தரமாக உருளலாம், அதைத் தாண்டினால் மூட்டை விழுவதுபோல்தான் விழுவீர்கள். இரும்புக் கவசம் போட்டால் அடி குறைவாகப் படும், ஆனால் எல்லா அடியும் படும். பட்டியலைத் திறக்காமலேயே, சண்டையின் நடுவில் உடம்பிலேயே எடை தெரிகிறது. வேறெந்த விளையாட்டிலும் எனக்கு எடைக் கணக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

கடைசியாக டெத் ஸ்ட்ராண்டிங். 2019இல் வந்தது. முதுகில் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கிக்கொண்டு, பாதை இல்லாத மலையிலும் ஆற்றிலும் நடந்து சரக்குச் சேர்க்க வேண்டும். அடுக்கு உயர உயர உடம்பு சாயும். இடம் வலம் என்று இரண்டு விசைகளையும் பிடித்துச் சமாளிக்க வேண்டும். கால் இடறினால் பெட்டி அடிபடும், ஆற்றின் ஆழம் தெரியாமல் இறங்கினால் சரக்கு மிதந்து போய்விடும். மழையில் பெட்டியின் உறை அரித்துக்கொண்டே வரும், காலணியும் தேயும். மாற்றுக் காலணி எடுத்தால் அதுவும் எடை. எனக்குப் பிடித்தது ஏணிதான். பள்ளம் இருந்தால் ஏணி வேண்டும், பள்ளம் இல்லாவிட்டால் ஏணி வெட்டிச் சுமை. புறப்படுமுன் வரைபடத்தைப் பார்த்துப் பள்ளம் எங்கே என்று ஊகிக்க வேண்டும். நான் சொன்ன வாசல் யோசனை என்பது இதுதான்.

வாங்கலாம். ஆனால் வேலை முடிந்து வந்த களைப்பில் தொடங்காதீர்கள், விடுமுறை நாளில் தொடங்குங்கள். இடையிடையே வரும் காட்சிகள் மிக நீளம், நடிகர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், பொறுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் லாரியும் கம்பி வழிச் சறுக்கலும் கிடைத்ததும் சுமையின் வலி குறைந்துவிடும். அதோடு சுவாரசியமும் கொஞ்சம் குறையும் என்பது என் எண்ணம். நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கணினி அதற்குத் தாங்காது என்றால், லோ யாட் பிளாசாவில் புதியது வாங்கும்வரை நெட்ஹேக் விளையாடிக்கொண்டிருங்கள். 1987இல் வந்த ஆட்டம், இலவசம், எவ்வளவு பழைய கணினியிலும் ஓடும். படம் என்று எதுவும் இல்லை, எழுத்துகளும் குறிகளும்தான். சுமை ஏற ஏறப் படிப்படியாக நடை தளரும். ஸ்கைரிமில் நான் கேட்ட முனகல் அதில் இருக்கிறது. தங்கத்துக்கும் எடை உண்டு. உள்ளே போட்டதன் எடையைக் குறைத்துக் காட்டும் மாயப் பை ஒன்றும் அபூர்வமாகக் கிடைக்கும். கிடைத்தால் வைத்திருப்பதையெல்லாம் அதில் திணிக்கத் தோன்றும். திணியுங்கள், ஆனால் மந்திரத்தை அழிக்கும் கோல் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் அந்தப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். பை வெடித்துவிடும்.

அண்ணனுக்கு என் வணக்கம்.