பற்றீரியா ஏற்றிய நுளம்புகளை விட்டால் டெங்கு எப்படிக் குறையும்?

2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதைக் கண்ட திருகோணமலை வாசகர் ஒருவர், நுளம்பை ஒழிக்காமல் மேலும் நுளம்புகளை விடுவது என்ன வைத்தியம் என்று கேட்டிருக்கிறார், நியாயமான கேள்விதான். பழ ஈயிலிருந்து எடுத்த வொல்பாக்கியா என்னும் பற்றீரியாவை, மிக நுண்ணிய ஊசியால், டெங்கைப் பரப்பும் முதன்மை நுளம்பான ஈடிஸ் எஜிப்தியின் முட்டைக்குள் ஆய்வுகூடத்தில் செலுத்தினார்கள். அது குடிகொண்ட நுளம்பின் உடலில் டெங்கு வைரசு எளிதில் பெருகுவதில்லை. அத்தகைய ஆண் நுளம்பு சாதாரணப் பெண் நுளம்புடன் கூடினால் முட்டைகள் பொரிவதில்லை; பெண் நுளம்போ பற்றீரியாவைத் தன் முட்டைகளுக்கும் கடத்துவதால், சில தலைமுறைகளில் பெரும்பாலான நுளம்புகள் அதைச் சுமக்கத் தொடங்குகின்றன. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்து 2021இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், டெங்கு நோய் 77 வீதமும் அதனால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது 86 வீதமும் குறைந்தன. ஆயினும் டெங்கைப் பரப்பும் இன்னொரு நுளம்பான, தோட்டங்களில் பெருகும் ஈடிஸ் அல்போபிக்டஸ் இந்த முறைக்குள் அடங்காது என்பதால், கிணற்றடி வாளியில் தேங்கிய நீரைக் கவிழ்ப்பதை நிறுத்த முடியாது.